நல்லமுத்துவோடு சண்டை போட்ட மனிதர்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் குடிக்கிறவன் இல்லை. நோர்வூட் பஜாரில் போன் கடை வைத்திருக்கும் சிப்னாஸ் என்றால் எல்லோருக்கும் தெரியும். தொழுகையில் முன்னே பின்னே இருக்கலாம். குடி விஷயத்தில் என்மேல் ஒரு சொட்டுக் குற்றம் சொல்ல முடியாது. அப்படிப்பட்ட நான்தான் ஒரு மனிதரை விஸ்கிக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிட்டேன். சேர்த்ததற்கு அல்லாஹ் மன்னித்துவிடுவான் என்றுதான் நினைக்கிறேன். அதற்குப் பிறகு நான் சொன்ன ஒரு யோசனைதான் இன்னும் என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது.

அந்த மனிதர் நல்லமுத்து. வயது ஐம்பத்தெட்டு. இங்கிருந்து பொகவந்தலாவைக்குப் போகிற வழியில் இடப்பக்கம் மேலே ஏறினால் ஒரு தோட்டத்தின் பழைய துரை பங்களா வரும். அங்கே அவர் அப்பு. அப்பு என்றால் சமையலும் அவர்தான், மேசை போடுவதும் அவர்தான், கணப்பு மூட்டுவதும் அவர்தான். வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு தட்டோடு சுவரோரம் நிற்பதும் அவர்தான். பதினாறு வயதில் குசினிக்குள் போனவர். துரைமார் ஆறு பேர் வந்து போனார்கள். கடைசித் துரை கீழே புது வீட்டுக்குப் போன பிறகு பங்களாவை உல்லாசப் பயணிகளுக்கு வாடகைக்கு விட்டார்கள். அப்புவை மட்டும் யாரும் மாற்றவில்லை.

அவருடைய மூக்கைப் பற்றிச் சொல்லாமல் அவரைப் பற்றிச் சொல்ல முடியாது. இளவட்டமாக இருந்தபோது ராத்திரி விருந்து முடிந்த கிளாசுகளை மறுநாள் காலையில் கழுவுவது அவர் வேலை. கழுவுவதற்கு முன்னால் ஒவ்வொன்றையும் மோந்து பார்ப்பாராம். அடியில் காய்ந்துபோன சொட்டில் வாசம் தனியாகத் தெரியுமாம். இது எந்தப் போத்தல், இதைக் குடித்தது யார், தண்ணீர் ஊற்றினாரா சோடா ஊற்றினாரா என்று சொல்லிவிடுவார். ஒரு துரைக்கு இது தெரிந்துபோய், விருந்தாளிகள் வந்தால் அப்புவைக் கூப்பிடுவார். மூன்று கிளாசை நீட்டுவார். இவர் மோந்து பார்த்துப் பெயர் சொல்வார். எல்லோரும் கைதட்டுவார்கள். தட்டை எடுத்துக்கொண்டு இவர் குசினிக்குப் போய்விடுவார்.

"அத்தன பேரு கை தட்டினாங்க தம்பி. இதுல ஒனக்கு எது புடிக்கும்னு ஒரு ஆளு கேக்கலையே" என்று என்னிடம் ஒரு தடவை சொன்னார். குறையாகச் சொல்லவில்லை. மழை பெய்தது என்கிற மாதிரித்தான் சொன்னார்.

பயணிகள் காலத்தில் அவருக்கு ஒரு வசதி வந்தது. வெள்ளைக்காரர்கள் போத்தலின் அடியில் இரண்டு விரல் மிச்சம் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். அதை இருமல் மருந்துப் போத்தல்களில் ஊற்றி, பெயரும் தேதியும் எழுதி ஒட்டி, தன் அறை அலமாரியில் அடுக்கி வைத்திருந்தார். நான் போய்ப் பார்த்திருக்கிறேன். பார்த்தால் மருந்துக் கடைதான். ஞாயிற்றுக்கிழமை பழைய ஆட்கள் கிளம்பிப் புது ஆட்கள் வருவதற்கு முன்னால், பிற்பகல் மூன்று மணிக்கு, ஒரு போத்தலைத் திறப்பார். ஒரு வாய்க்குக் காணும் அளவு. அதில் பைப்பில் வரும் மலைத்தண்ணீர் ஒரு தேக்கரண்டி. அந்த ஒரு வாயை முக்கால் மணி நேரம் குடிப்பார். வாரத்துக்கு அவ்வளவுதான். இதைக் குடி என்று சொல்வதா என்றே எனக்குச் சந்தேகம்.

ஆனால் பேச ஆள் இல்லை. அதுதான் அவருடைய தீராத குறை. ஒரு தீபாவளிக்கு, பதினாறு வருடம் பழசான விஸ்கி கால் போத்தலை தோட்டத் தொழிலாளர் லயத்துக்குக் கொண்டுபோய் மச்சான் ஆண்டியப்பனுக்கும் கூட்டாளிகளுக்கும் கொடுத்திருக்கிறார். அவர்கள் அதில் ஸ்பிரைட்டை ஊற்றி, கண்ணை மூடிக்கொண்டு ஒரே மடக்கில் இறக்கிவிட்டு, கருவாட்டைக் கடித்தார்கள். "மூட்டப்பூச்சி நசுக்கின மாதிரி நாறுது மாமா, சாராயம் இல்லியா?" என்று கேட்டானாம் ஒருவன். அதோடு லயத்து ஆட்கள் அவருக்குத் 'துரை வீட்டு மூக்கு' என்று பெயர் வைத்துவிட்டார்கள். பங்களாவிலோ, வருகிறவர்களோடு உட்கார்ந்து குடிக்க அப்புவுக்கு வழி இல்லை. மனைவி ராசம்மா இருந்தவரை "ஒங்க மூக்க அறுத்து பேங்குல போடுங்க, வட்டியாவது வரும்" என்று கேலி செய்துகொண்டாவது கேட்டுக்கொண்டிருந்தது. அதுவும் ஒன்பது வருடத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டது. மகள் லோஜினி வத்தளையில் கட்டிக்கொண்டு போய்விட்டாள். பங்களாவின் பின்னறையில் மனிதர் தனியாள்.

கொரோனா வந்தது. பங்களாவில் ஒன்பது மாதம் ஒரு பயணி தலைகூடத் தெரியவில்லை. கணப்பைத் துடைப்பார், கதிரைகளைத் துடைப்பார், யாரும் உட்காராத கதிரைகளை மறுநாளும் துடைப்பார். ஊர் திறந்த அன்று என் கடைக்கு வந்து ஒரு போன் வாங்கினார். "பேச்சு வராம வாயி ஒட்டிக்கிச்சு தம்பி, இதுல என்னமாச்சும் இருக்கா?" என்றார். பேஸ்புக்கைத் திறந்து, உங்களுக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டேன். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, பொம்பளைப் பெயரைச் சொல்வது மாதிரி, மெதுவாக "விஸ்கி" என்றார்.

தேடினேன். 'சனிக்கிழமைச் சொட்டு' என்று ஒரு வாட்ஸ்அப் குழுவின் இணைப்பு கிடைத்தது, சேர்த்துவிட்டேன். லண்டன், டொரண்டோ, சிங்கப்பூர், சென்னை என்று சிதறிக் கிடக்கும் தமிழர்கள் நாற்பது பேர். எல்லோரும் போத்தல் பைத்தியங்கள். வாரம் ஒரு தடவை ஒவ்வொருவரும் தான் குடித்ததைப் படம் எடுத்துப் போட வேண்டும். எப்படிக் குடித்தேன், என்ன வாசம், என்ன ருசி என்று மூன்றே வரி எழுத வேண்டும். உடனே மற்ற முப்பத்தொன்பது பேரும் பாய்ந்து அதைக் கிழித்துப் போடுவார்கள். அதுதான் அங்கே பொழுதுபோக்கு.

நல்லமுத்து பங்களாவின் முன்னறையில், கணப்புக்குப் பக்கத்தில், துரை கதிரையின் கையில் கிளாசை வைத்துப் படம் எடுத்தார். ஜன்னலுக்கு வெளியே தேயிலை மலை. ஒற்றை விரலால் தட்டித் தட்டி மூன்று வரி எழுதினார்: 'தண்ணி ஒரு தேக்கரண்டி. மொதல்ல போயிலர் புகை, பிறகு மழையில் நனைந்த கம்பளி. கடைசியில் நாக்கு நுனியில் கித்துள் பாணி இனிப்பு.'

குழு அமளி துமளியானது. கம்பளி என்று இதுவரை எவனும் எழுதவில்லையாம். யார் ஐயா நீங்கள் என்று கேட்டார்கள். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு ஒருவர், "பங்களா உங்களுடையதா துரை?" என்று கேட்டார். நல்லமுத்து போனைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி என் கடைக்கே வந்துவிட்டார். என்ன பதில் போடுவது? அப்போதுதான் என் திருவாய் திறந்தது.

"வுடுங்க முத்தண்ணே. வீடு யார்ட வீடா இருந்தா அவங்களுக்கு என்ன? ஒரு சிரிச்ச மூஞ்சிய போடுங்க, அவங்களே மறந்துருவாங்க" என்றேன்.

சிரித்த முகத்தைப் போட்டார். அவர்கள் மறக்கவில்லை. அன்றிலிருந்து குழுவில் அவர் பெயர் துரை.

அந்தக் குழுவில்தான் சிவபாதம் டாக்டர் இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், லண்டனில் பல் டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், எழுபது வயது. விஸ்கியில் பெரிய ஐஸ் கட்டி ஒன்றைப் போட்டுக் குடிப்பவர். ஐஸ் போட்டால் வாசம் செத்துப் போகும் என்பது நல்லமுத்துவின் கட்சி. இதற்காக இரண்டு பேரும் மூன்று வருடம் சண்டை போட்டார்கள். டாக்டர் குரலில் பேசி அனுப்புவார். இவருக்குத் தன் பேச்சைக் கேட்டால் கண்டுபிடித்துவிடுவார்களோ என்று பயம், எழுத்தில்தான் பதில்.

"உமக்கு முகத்தில இருக்கிறது மூக்கோ, கத்தரிக்காயோ?" என்று ஒரு நாள் டாக்டர் கத்தியிருந்தார். அதை என் கடை மேசையில் வைத்து எனக்குப் போட்டுக் காட்டினார் நல்லமுத்து. முகமெல்லாம் சிரிப்பு. இரண்டாவது தடவையும் போட்டார். கடைக்கு வந்த தபால்காரருக்கும் போட்டார்.

"திட்டுறாரே அண்ணே, அதுல என்ன சந்தோசம்?" என்றேன்.

"தம்பி, நான் திட்டு வாங்காத ஆளா? உப்பு கூடிப்போச்சுன்னு திட்டுவாங்க. தண்ணி சுடலைன்னு திட்டுவாங்க. நான் நெனச்சது தப்புன்னு ஒரு மனுசன் இது வரைக்கும் என்னோட சண்ட போட்டதில்ல. நான் நெனக்கிறேன்னே யாருக்கும் தெரியாதே."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. இவர் குடிப்பதற்காக அந்தக் குழுவில் இல்லை. தன் அபிப்பிராயத்தை ஒருவர் மதித்து, அதன்மேல் கோபப்பட்டு, மறுநாளும் தூங்காமல் வந்து மறுத்துப் பேசுகிறாரே, அதற்காகத்தான் இருந்தார். நாட்டில் காஸ் இல்லாமல், பெட்ரோல் இல்லாமல், லைட் இல்லாமல் கிடந்த வருடத்தில்கூட இவர்கள் சண்டை ஓயவில்லை. ஒரு தடவை பதினொரு நாள் நீண்டது. அந்தப் பதினொரு நாளும் நல்லமுத்து தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரிக்கொண்டுதான் பஜாருக்கு வந்தார்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் தைப்பொங்கலுக்குப் பிறகு டாக்டர் இலங்கைக்கு வந்தார். யாழ்ப்பாணத்தில் காணி விஷயம். வரும்போதே குழுவில் அறிவித்துவிட்டார். "துரை, உம்மட மலைக்கு வாறன். மேசையில வச்சு இந்த ஐஸ் கதையை ஒரு முடிவுக்குக் கொண்டு வருவம்." நல்லமுத்துவுக்குக் காய்ச்சல் வராத குறை. கொழும்புக்குப் போகிறேன், ஊரில் இருக்க மாட்டேன் என்று எழுதினார். டாக்டர் லேசுப்பட்டவரா? இணையத்தில் தேடி, படத்தில் அதே கணப்பைப் பார்த்துவிட்டு, "அட, நீர் பங்களாவை வாடகைக்கு விடுறனீரே! ரெண்டு நாளைக்கு புக் பண்ணிப்போட்டன். நீர் இல்லாட்டிலும் உம்மட கதிரையில இருந்து, ஐஸ் போட்டுக் குடிச்சுப்போட்டுத்தான் போவன்" என்று சொல்லிவிட்டார்.

வந்தார். பகல் இரண்டு மணிக்கு வேன் பங்களா வாசலில் நின்றது. முழங்கால் வலி, கைத்தடி, தடித்த கம்பளிச் சட்டை, பெரிய சிரிப்பு. கூட யாரும் இல்லை. நல்லமுத்து வெள்ளைக் கோட்டோடு போய்ப் பெட்டியை இறக்கினார். "அப்பு எண்டுதானே கூப்பிடுறது?" என்று கேட்டார் டாக்டர். ஆமாங்க சார் என்றார் இவர். இயற்பெயரை டாக்டர் கேட்கவில்லை. குழுவில் நல்லமுத்து என்றுதான் சேர்ந்திருந்ததால், கேட்காததே நல்லதாகப் போயிற்று என்று இவருக்கு அப்போது தோன்றியதாம்.

நாலு மணிக்கு மூடுபனி ஜன்னல்வரை வந்துவிட்டது. கணப்பை மூட்டிவிட்டு இவர் சுவரோரம் நின்றார். டாக்டர் துரை கதிரையில் சாய்ந்துகொண்டு பேச்சுக் கொடுத்தார்.

"உங்கட துரை எப்பிடி ஆள்?"

"நல்லவருங்க சார்."

"சரியான பிடிவாதக்காரன் எல்லே?"

"கொஞ்சம் அப்புடித்தாங்க சார்."

டாக்டர் கணப்பைப் பார்த்துக்கொண்டு சிரித்தார். "மனுசி போன பிறகு எனக்கு வீட்டில சத்தம் எண்டு ஒண்டும் இல்லை அப்பு. காலமை எழும்பினா, உங்கட துரைக்கு இண்டைக்கு என்ன பதில் சொல்லலாம் எண்டு யோசிச்சுக்கொண்டுதான் பல்லு மினுக்கிறனான். அவருக்கு இருக்கிற மூக்கு ஆயிரத்தில ஒருத்தருக்குக் கிடையாது. ஆனா அதை நான் சொன்னன் எண்டு அவரிட்டச் சொல்லிப்போடாதையும்."

"சொல்ல மாட்டேங்க சார்" என்றார் நல்லமுத்து.

அன்று சாயங்காலம் குசினியிலிருந்து எனக்குப் போன் எடுத்தார். "ஆயிரத்துல ஒருத்தருக்குக் கெடையாதாம் தம்பி. அவரு வாயால சொன்னாரு. நான் தட்டப் புடிச்சுக்கிட்டு நின்னு கேட்டேன்" என்றார். சொல்லிவிடுங்களேன் அண்ணே என்றேன். "சொல்லி? இந்தக் கோட்டோடயா?" என்று கேட்டு வைத்துவிட்டார். நாளை மறுநாள் டாக்டர் போய்விடுவார், குழுவில் சண்டை தொடரும், அது போதும் என்பது அவர் கணக்கு.

அந்தக் கணக்கைக் கெடுத்தது அவருடைய வாய்தான்.

மறுநாள் நாலு மணி. துரைக்கு என்று கொண்டுவந்த, புகை வாசத்துக்குப் பேர்போன லகவூலின் விஸ்கிப் போத்தலை டாக்டர் தானே திறந்தார். துரைதான் ஊரில் இல்லையே, நான் குடித்துவிட்டு மிச்சத்தை வைத்துவிட்டுப் போகிறேன் என்றார். ஐஸ் கேட்டார். இவர் வாளியில் ஐஸ் கொண்டுவந்து நீட்டினார். டாக்டர் முட்டை அளவு கட்டி ஒன்றைப் போட்டு, ஆட்டி, மோந்து பார்த்து, ஒரு வாய் குடித்தார்.

"இதில புகை கனக்க இல்லை. தோடம்பழ வாசம்தான், ஒரேஞ்ச் வாசம்தான் தூக்கலா நிக்குது. உங்கட துரை புகை புகை எண்டு கத்துறார், விசரன்."

நல்லமுத்து பொறுத்துப் பார்த்தார். நாற்பது வருடம் சுவரோரம் நின்று எத்தனையோ அபத்தங்களைக் கேட்டுப் பொறுத்த மனிதர். ஆனால் சண்டை போட்டுப் பழகிப்போன வாய் அல்லவா, நின்றபடியே பொரிந்து தள்ளிவிட்டது.

"ஐஸ் போட்டா வாசம் செத்துப்போகும்னு எத்தன தடவ எழுதிட்டேன்! பொகைய நீங்களே கொன்னுட்டு பொகை இல்லன்னா எங்கருந்து வரும்? தோடம்பழமாம்! ஒரு கரண்டி தண்ணி ஊத்திப் பாருங்க, அப்புறம் பேசுங்க!"

சொல்லி முடித்த பிறகுதான் கையில் ஐஸ் வாளி இருப்பது அவருக்கு ஞாபகம் வந்ததாம். டாக்டர் கிளாசை அப்படியே பிடித்துக்கொண்டு இவரைப் பார்த்தார். கோட்டைப் பார்த்தார். கணப்பைப் பார்த்தார்.

"நீரோ?" என்றார். "நீரோ துரை?"

"மன்னிச்சிருங்க சார்."

டாக்டரைப் பற்றி நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். தங்கமான மனிதர். கைத்தடியையும் மறந்து எழுந்து, தானே ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, இவர் கையிலிருந்த வாளியைப் பிடுங்கிக் கீழே வைத்துவிட்டு, தோளை அழுத்தி உட்காரவைத்தார். அந்த அறையில் இவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. டாக்டர் இன்னொரு கிளாசில் ஊற்றி இவர் கையில் கொடுத்தார். கண் கலங்கியிருந்தது. "மூண்டு வருசம் எனக்குச் சொல்லேல்லையே நீர்!" என்று தொடையில் அடித்துச் சிரித்தார். இவரும் சிரித்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக, விஸ்கி தெரிந்த ஒருவரோடு எதிரும் புதிருமாக உட்கார்ந்திருக்கிறார். எத்தனை வருடத்துத் தாகம்! அந்த ஐந்து நிமிடத்தை என்னிடம் சொல்லும்போதெல்லாம் நல்லமுத்து இரண்டு கையையும் கதிரைக் கையில் வைப்பது மாதிரி வைத்துக்காட்டுவார்.

பிறகு டாக்டர் தன் கிளாசிலிருந்த ஐஸ் கட்டியைக் கரண்டியால் எடுத்துக் கணப்புச் சாம்பலில் போட்டார். ஒரு தேக்கரண்டி தண்ணீர் ஊற்றிக் குடித்தார்.

"நீர் சொன்னதுதான் சரி" என்றார்.

"இல்லைங்க சார், நல்லா மோந்து பாத்துட்டு சொல்லுங்க."

"இல்லை, இல்லை. நீர் சொன்னா சரிதான்." அதோடு கிளாசைக் கீழே வைத்துவிட்டார். "உமக்கு இங்க என்ன சம்பளம் தாறாங்கள்?"

நல்லமுத்து சொன்னார். டாக்டர் நாக்கைச் சப்புக்கொட்டினார். லயத்தில் எத்தனை குடும்பம் என்று கேட்டார். கூரை ஒழுகுமா, கக்கூஸ் இருக்கிறதா, மகள் எதுவரைக்கும் படித்தாள், ராசம்மாவுக்கு என்ன வருத்தம், ஆஸ்பத்திரிக்கு எப்படிக் கொண்டுபோனீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். இவர் மரியாதைக்குப் பதில் சொன்னார். இடையில் இரண்டு தடவை, "சார், இந்த ரெண்டாவது மொடக்குல ஒரு உப்பு வருது பாருங்க" என்று பேச்சைத் திருப்பிப் பார்த்தார். "அதை விடும். அட்டை கடிக்கிறதெல்லாம் இன்னும் இருக்குதோ?" என்றார் டாக்டர். இவர் கிளாசில் விஸ்கி அப்படியே இருந்தது. குடிக்கத் தோன்றவில்லை.

அடுத்த நாள் காலையில் டாக்டர் ரயில் பிடிக்க ஸ்டேஷனுக்குப் புறப்பட்டார். மிச்சப் போத்தலைக் கையில் கொடுத்து, இவரைக் கட்டிப்பிடித்து, வெள்ளைக் கோட்டோடு வாசலில் நிற்கவைத்துப் படம் எடுத்தார். "குழுவில போடட்டோ?" என்று கேட்டார். விருந்தாளி கேட்டு, வேண்டாம் என்று சொல்லிப் பழக்கமில்லாத மனிதர். சரிங்க சார் என்றார்.

படம் வந்தது. கீழே டாக்டர் நீளமாக எழுதியிருந்தார். நல்ல மனதோடு எழுதியதுதான். இருநூறு வருடக் கண்ணீர், தேயிலைக்கு உரமான மக்கள், அதற்கு நடுவே ஒரு ஞானி என்றெல்லாம் இருந்தது. முப்பத்தொன்பது பேரும் கும்பிடும் கையைப் போட்டார்கள். சிங்கப்பூரிலிருந்து ஸ்வெட்டர் பார்சல் வந்தது. டொரண்டோவிலிருந்து ஒரு பெண்மணி, லோஜினிக்குப் பிள்ளைகள் இருந்தால் கொப்பி புத்தகம் அனுப்பவா என்று கேட்டார். அவரைத் துரை என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். 'நல்லமுத்து ஐயா' ஆகிவிட்டார்.

எனக்குப் பெரிய நிம்மதி. பொய் உடைந்தும் ஒருவரும் கோபிக்கவில்லையே! ஒரு புதன்கிழமை அவர் கடைக்கு வந்தபோது, "பாத்தீங்களா அண்ணே, வீணா பயந்தீங்க" என்றேன்.

"தம்பி, அவரு ஏன் ஒத்துக்கிட்டாரு?" என்றார்.

"எத?"

"ஐஸ் விசயத்த. மூணு வருசமா ஒத்துக்காத மனுசன். மோந்துகூட பாக்கல. நான் கோட்டப் போட்டுக்கிட்டு நிக்கிறத பாத்ததும் ஒத்துக்கிட்டாரு."

உங்கள் கட்சி ஜெயித்துவிட்டதே என்று ஏதோ சொல்லிவைத்தேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் அவர் போனை வாங்கி நான் கவனித்தேன். குழுவில் மற்றவர்கள் எழுதுவதைக் கிழித்துத் தோரணம் கட்டுகிறார்கள். சென்னைக்காரர் சிங்கப்பூர்க்காரரைக் குரங்கு என்கிறார். இவர் மூன்று வரி எழுதினால் மட்டும் கும்பிடும் கையும் சிவப்பு இதயமும். அருமை ஐயா, வணங்குகிறேன் ஐயா, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் ஐயா. டாக்டர் முன்பு மாதிரிக் குரலில்தான் அனுப்புகிறார். குளிர் எப்படி, மருந்து எடுக்கிறீங்களோ என்று விசாரிக்கிறார். ஐஸ் என்ற சொல்லே அவர் வாயில் வருவதில்லை. நல்லமுத்து எதையாவது கிளறிப் பார்த்தார். சும்மாவாவது தப்பாக ஒன்றிரண்டு எழுதிப் பார்த்தார். எல்லாவற்றுக்கும் பூச்செண்டுதான் வந்தது. ஆறு மாதத்தில் மனிதர் மெலிந்துவிட்டார். தலைக்கு எண்ணெய் வைப்பதும் நின்றுபோயிற்று.

போன புதன்கிழமை வந்தார். கடையில் வேறு ஆள் இல்லை. போனை மேசைமேல் வைத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒற்றை விரலால் தட்ட ஆரம்பித்தார். முடித்துவிட்டு எனக்குக் காட்டினார். டாக்டர் கொடுத்துவிட்டுப் போன அந்த லகவூலினைப் பற்றி எழுதியிருந்தார்.

'கிளாஸ் நிறைய ஐஸ். அதன்மேல் நெக்டோ சோடா அரைப் போத்தல். இதைவிட நல்லா விஸ்கி குடிக்க வேறு வழியே கிடையாது.'

நெக்டோ என்பது சின்னப் பிள்ளைகள் பிறந்தநாளுக்குக் குடிக்கும் சிவப்புச் சோடா. குடிக்காத எனக்கே தூக்கிவாரிப் போட்டது. "அண்ணே, இத போட்டா அந்த மனுசன் பிளேன் ஏறி வந்து அடிப்பாரு" என்றேன்.

"வரட்டும்" என்றார். கண்ணில் பழைய வெளிச்சம் கொஞ்சம் தெரிந்தது. அனுப்பினார்.

காத்திருந்தோம். நான் இரண்டு பேருக்கு ரீலோட் போட்டேன். அவர் நின்றபடியே திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். உட்காருங்கள் என்றேன், உட்காரவில்லை. முதலில் நாலைந்து கும்பிடும் கைகள் வந்தன. பிறகு டாக்டர் பேசி அனுப்பினார். நல்லமுத்து சத்தத்தைக் கூட்டி, போனைக் காதருகே கொண்டுபோனார். எனக்கும் கேட்டது.

"நெக்டோவோ! நல்லது, நல்லது. உங்களுக்குப் பிடிச்ச மாதிரிக் குடியுங்கோ நல்லமுத்து. அதுதான் முக்கியம். உங்கட சந்தோசம்தான் எங்களுக்கு வேணும்."

அவர் அதை இன்னொரு தடவை போட்டுக் கேட்டார். பிறகு போனைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"அதுல போயி யாராச்சும் நெக்டோ ஊத்துவாங்களா தம்பி? ஒரு வார்த்த திட்டக்கூடாதா அந்த மனுசன்?"

நானாவது திட்டலாம் என்று வாயைத் திறந்தேன். விஸ்கியை மோந்துகூடப் பார்க்காத எனக்கு, எதைச் சொல்லித் திட்டுவது என்று தெரியவில்லை.